எடத்து நிறுத்து

மோகனனுக்கு லைசன்ஸ் கிடைத்துவிட்டது என்று கேட்டதும் சுயம்பு குடித்துக்கொண்டிருந்த சாயாவைப் பாதியில் வைத்துவிட்டான். நெய்யாற்றின்கரைக்கும் களியக்காவிளைக்கும் ஓடும் ஒரே பஸ்ஸில் இருவரும் கிளீனர்கள். டிரைவருக்குக் கண் மங்கிவிட்டது. முதலில் லைசன்ஸோடு வருகிறவனுக்குத்தான் ஸ்டியரிங் என்று முதலாளி ராஜையா சொல்லியிருந்தார்.

டிரைவர் வேலை கைவிட்டுப் போனதற்காக மட்டும் வயிறு எரியவில்லை. எங்கள் பகுதி தமிழ்நாட்டோடு சேரவேண்டும் என்று ஊர் ஊராகப் போய்த் தொண்டை கிழியக் கத்தியவன் சுயம்பு. லத்தியடி பட்ட முழங்கால் மழை வந்தால் இன்றும் வலிக்கும். மோகனன் ஒரு கூட்டத்துக்கும் வந்தவனில்லை, பஸ்ஸைக் கழுவிக்கொண்டிருப்பான். ஆனால் ஐம்பத்தாறில் மாநில எல்லை பிரித்தபோது களியக்காவிளைக்குத் தெற்கே இருந்த மோகனன் வீடு தமிழ்நாட்டுக்குப் போனது. காரோடு என்ற ஊரில் இருந்த சுயம்புவின் வீடு கேரளத்திலேயே கிடந்தது. மோகனன் நாகர்கோவிலில், சமதரையில், தமிழில் கேட்டதற்குத் தமிழில் பதில் சொல்லித் தேறிவிட்டான்.

சுயம்புவுக்கு நெய்யாற்றின்கரையில் பரீட்சை. இன்ஸ்பெக்டர் வடக்கே இருந்து வந்த மலையாளி. மேட்டில் வண்டியைப் பின்னால் ஏற்றச் சொன்னார், அழகாக ஏற்றினான். ரோட்டுக்கு வந்ததும், "எடத்து நிறுத்து" என்றார்.

மலையாளத்தில் அதற்கு இடப்பக்கம் நிறுத்து என்று அர்த்தம். சுயம்புவுக்குத் தெரியாததா? மீன் பேரமும் வாய்ச்சண்டையும் அவனுக்கு மலையாளத்தில்தான். ஆனால் அன்று அவன் மனசுக்குள் மோகனன் அல்லவா ஸ்டியரிங் பிடித்து உட்கார்ந்திருந்தான். காதில் விழுந்ததைத் தமிழாக எடுத்துக்கொண்டு, இருந்த இடத்திலேயே, நடுரோட்டில் பிரேக்கை மிதித்தான். பின்னால் வந்த மாட்டுவண்டிக்காரன் கெட்ட வார்த்தையில் தொடங்கினான். இன்ஸ்பெக்டர் தாளில் ஒரு கோடு கிழித்துவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

மறுநாள் பாறசாலையில், பஸ் நிற்கும் இடத்தில் முதலாளியைப் பிடித்துக்கொண்டான்.

"இது என்ன ஞாயம் முதலாளி? அவனுக்குச் சமதரை, எனக்கு மேடு. அவனுக்குத் தமிழு, எனக்கு மலையாளம். ரெண்டுபேரும் ஓட்டப்போறது ஒரே ரோடுதானே? இந்தியா முழுக்க ஒரே பரீட்சை வைக்கணுமாக்கும். அதுல அவன் ஜெயிக்கட்டும், நான் வாய் தொறக்கல்ல."

"நீ சொல்லதுல காரியம் உண்டு மக்கா" என்றார் ராஜையா.

முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்த மோகனன் திரும்பினான். அவன் முகத்தில் கேலி இல்லை.

"வைக்கட்டும்லே. எந்த பாஷையில வைக்கணும்?"

கூட்டத்துக்கே வராத பயல் இந்தக் கேள்வியையும் தனக்கு முந்திக் கேட்டுவிட்டானே என்று சுயம்புவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மோகனன் டிரைவர் சீட்டில் ஏறி வண்டியை ஸ்டார்ட் செய்தான். வண்டி நகரவில்லை. கிளீனர் சொல்லாமல் எடுக்கக்கூடாது. பயணிகள் திரும்பிப் பார்த்தார்கள். சுயம்பு பின்படியில் தொற்றிக்கொண்டு, வண்டி போகட்டும் என்பதற்கு, "ரைட், போட்டு" என்று முனகினான்.

"கேக்கல்லலே."

சுயம்பு தொண்டை கிழியக் கத்தினான். பஸ் புறப்பட்டது.