நனைக்காத கீற்று

சோப்புக் கம்பெனியின் வாசனை அறையில் பதினாறு வருஷமாக மூக்கை வைத்துப் பிழைத்தவளுக்கு ஐந்து வாரமாக மூக்கு வேலை செய்யவில்லை. ஒரு காய்ச்சல் வந்தது. போகும்போது வாசனையையும் சுருட்டிக்கொண்டு போய்விட்டது. புருஷனிடம்கூட அவள் மூச்சு விடவில்லை. தெரிந்தால் வேலை போய்விடும். வேறு தொழில் அவளுக்குத் தெரியாது. இந்த லட்சணத்தில்தான், புது சோப்புக்கு வாசனை தேர்ந்தெடுத்துச் சொல்லச் சொல்லி முதலாளி அவளை வெளிநாட்டு செண்ட் கண்காட்சிக்கு அனுப்பிவைத்தார்.

கூட வந்தவள் ஓரகத்தி, கொழுந்தன் பெண்டாட்டி. பள்ளிக்கூடத்தில் வேதியியல் டீச்சர், சரியான செண்ட் பைத்தியம். மற்ற வீடுகளில் ஓரகத்திகள் பாத்திரத்துக்குச் சண்டை போடுவார்கள் என்றால் இவர்கள் பாட்டிலுக்கு முறைத்துக்கொள்வார்கள். கண்காட்சி என்றதும் லீவு போட்டுவிட்டுச் சொந்தச் செலவில் கிளம்பிவிட்டாள். வேறு யார் வந்திருந்தாலும் ஏமாற்றியிருக்கலாம்.

காலையில் அவள் ஹோட்டல் அறையில் துப்பட்டாவுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே ஜன்னல் வழியாக வேடிக்கை பார்த்தாள். குளியலறையிலிருந்து ஓரகத்தி சோப்பு நுரையோடு ஓடிவந்தாள்.

“அக்கா! கருகுற நாத்தம் உள்ள வரைக்கும் வருது. பக்கத்துலயே நின்னுக்கிட்டு என்ன பண்றீங்க?”

துப்பட்டாவில் உள்ளங்கை அகலத்துக்குப் பழுப்பு. “ஏதோ யோசனைடி” என்று மழுப்பினாள். ஓரகத்தி இஸ்திரிப் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு அவள் மூக்கையே ஒரு தரம் பார்த்தாள்.

கண்காட்சிக் கூடத்தில் எள் போட்டால் எள் விழாத கூட்டம். முகர்ந்து முகர்ந்து மூக்கு மரத்துப்போனவர்கள் முழங்கை மடிப்பில் முகத்தைப் புதைத்து, தங்கள் தோலின் வாசனையில் மூக்கைத் தேற்றிக்கொண்டிருந்தார்கள். அவளும் புதைத்துப் பார்த்தாள். தண்ணீரை முகர்ந்த மாதிரி இருந்தது.

முதலாளி சொன்ன கடையில் மூன்று குப்பிகள் வைத்திருந்தார்கள். இதுமாதிரி இடங்களில் இவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஓரகத்தி காகிதக் கீற்றுகளை நனைத்து ஆளுக்கொன்றாகத் தருவாள்; முகர்ந்துவிட்டு, மற்றவளுக்குக் காட்டாமல் பின்பக்கம் பென்சிலால் எழுதுவார்கள். பிறகு ஒத்துப் பார்ப்பார்கள். பத்து வருஷமாக அவள் தோற்றதில்லை.

முதல் இரண்டையும் ஓரகத்தியின் முகத்தைப் பார்த்தே ஒப்பேற்றினாள். புருவம் ஏறினால் எலுமிச்சை வகை. கண் தானாக மூடினால் பூ வகை. மூன்றாவது கீற்றை நீட்டும்போது ஓரகத்தி முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டாள். ஒரு துப்பும் கிடைக்கவில்லை. மூன்று முறை முகர்ந்துவிட்டு, வருவது வரட்டும் என்று எழுதினாள்: ‘முதலில் ரோஜா. அடியில் லேசாக மிளகு. கடைசியில் ஈரமரம்.’

கீற்றுகளைத் திருப்பினார்கள். ஓரகத்தியின் கீற்றில் இருந்தது ஒரே வரி: ‘நனைக்கவே இல்லை அக்கா.’

அவள் பக்கத்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள்.

“எத்தனை நாளா?” ஓரகத்தி தாழ்ந்த குரலில் கேட்டாள்.

“அஞ்சு வாரம். யார்கிட்டயும் சொல்லிடாதடி, உன் கால்ல வேணா விழறேன்.”

“என்ன பேச்சு இது? காலையில அந்த அறையே தீப்பிடிச்சிருந்தாலும் உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. எனக்கு ஈரக்குலையே நடுங்கிருச்சு.”

அப்போது பார்த்துக் கைபேசி அடித்தது. முதலாளி. ஓரகத்தி இரண்டு விரலைக் காட்டினாள். “ரெண்டாவதுதான் நல்லாருக்கு. அதையே சொல்லிடுங்க. மிச்சத்தை அப்புறம் பாத்துக்கலாம்.”

சொல்லிவிடலாம். இன்றைக்குத் தப்பிக்கலாம். அடுத்த வாரம் வாசனை அறையில் விரலைக் காட்ட யார் வருவார்கள்? கைபேசியைக் காதில் வைத்தாள்.

“சார், எனக்கு வாசனை தெரியல. அஞ்சு வாரமா ஒண்ணுமே தெரியல.”

முதலாளி கேட்டார்: “அப்போ இந்த மாசம் நீங்க முகர்ந்து பாத்து கையெழுத்துப் போட்ட நாலு லாட்டு சோப்பு?”

“பழைய நோட்டைப் பாத்து எழுதிட்டேன் சார்.”

வசவுக்காகக் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தாள். காகிதம் புரளும் ஓசை மட்டும் கேட்டது.

“நாலும் கடைக்குப் போயாச்சும்மா. ஒரு புகார்கூட வரலையே. மூக்கு இல்லாமலே வேலை நடந்திருக்கு.” குரலில் கோபம் இல்லை, யோசனை இருந்தது. “சரி, நீங்க ஊருக்கு வாங்க. பேசிக்கலாம்.”

அவள் கைபேசியைப் பைக்குள் போட்டாள். ஓரகத்தி தோளைத் தொட்டாள்.

“ரொம்பத் திட்டிட்டாரா?”

“திட்டவே இல்லடி” என்றாள். நனைக்காத கீற்று இன்னும் அவள் கையில்தான் இருந்தது. “திட்டியிருந்தா பரவாயில்ல.”