கடைசியாக வைத்திருந்த வீடு

உடலைச் சுற்றிய கபன் துணியின் தலைப்பக்க முடிச்சை இன்னும் போடவில்லை. பெண்கள் கடைசியாக ஒரு தடவை முகம் பார்த்துக்கொள்ளட்டும் என்று பள்ளிவாசல் லெப்பை வெளியே போயிருந்தார். ஜுபைதா பீவி கணவரின் தாடியில் ஒட்டியிருந்த சந்தனத்தூளைத் துடைத்துக்கொண்டிருந்தபோது மகன் அனஸ் பின்னால் வந்து குனிந்தான். அகமது மீரான் மாமா வந்திருக்கிறார், உம்மாவிடம் ஒரு வார்த்தை பேச வேண்டுமாம், திரைக்கு அந்தப் பக்கம் நிற்கிறார் என்றான்.

"நிக்கட்டும்" என்றாள் ஜுபைதா.

உமர் பாரூக் மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற புதிதில் வீட்டில் அவர் கொடுத்த இம்சை கொஞ்சமல்ல. மிளகாய்த்தூள் டப்பாவை இடம் மாற்றி வைப்பார், கொடியில் காயும் துணியைத் திருப்பிப் போடுவார், குழம்பு கொதிக்கும்போது மூடியைத் திறந்து பார்ப்பார். பொறுக்க முடியாமல் ஜுபைதாதான் ஒருநாள், படித்த பள்ளிக்கூடத்திலாவது போய் உட்காருங்களேன் என்று விரட்டினாள். அவர் நிஜமாகவே போனார். பேட்டை அரசுப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் பழைய மாணவர் என்ற முறையில் சேர்த்துக்கொண்டார்கள்.

படிப்பை நிறுத்திய பிள்ளைகளைத் திரும்பக் கூட்டிவருவது அவர் வேலையானது. பேட்டையில் எந்த வீட்டு மீட்டர் எந்தச் சுவரில் இருக்கிறது என்பதுவரை தெரிந்த மனிதர். மீட்டரைப் பார்ப்பதுபோல உள்ளே போய், பீடி சுற்றிக்கொண்டிருக்கும் பெண்பிள்ளையின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுவார். தகப்பன் சரி என்று சொல்லாமல் எழுந்திருக்க மாட்டார். சாயங்காலம் வீட்டுக்கு வந்து இன்றைக்கு யார் வந்தாள் என்று சொல்லும்போது அந்த முகத்தைப் பார்க்க வேண்டுமே! கல்யாணமான புதிதில்கூட அவர் அப்படிச் சிரித்து ஜுபைதா பார்த்ததில்லை.

அகமது மீரான் அதே பள்ளிக்கூடத்தில் அவரோடு ஒரே பெஞ்சில் இருந்தவர். இப்போது பீடி ஏஜென்ட். வீடுவீடாக இலையும் தூளும் கொடுத்து, சுற்றிய பீடியை வாங்கிக்கொள்பவர். ஒரு பிள்ளை பள்ளிக்கூடம் போனால் அவருக்கு இரண்டு கை குறையும். ஒரு வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்து பள்ளிவாசல் படியில் நின்றுகொண்டு நாலு பேர் காதில் விழும்படி ஒன்று கேட்டார். வயசுக்கு வந்த பிள்ளைகள் இருக்கிற வீட்டில் ரிட்டையரான மனுஷனுக்கு என்ன சோலி? அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு சொல் சொல்லவில்லை. சொல்லவும் தேவையிருக்கவில்லை. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா?

அடுத்த வாரமே கதவுகள் சாத்திக்கொண்டன. அவர் திரும்பக் கூட்டிவந்து பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்த தஸ்மியாவை அவள் தகப்பன் நிறுத்திவிட்டான். உமர் பாரூக் வெளியே போவதை விட்டார். டப்பாக்களையும் இடம் மாற்றவில்லை. கட்டிலில் கிடந்து சுவரைப் பார்த்தார். டாக்டர் மாரடைப்பு என்று எழுதினார். ஜுபைதாவிடம் கேட்டிருந்தால் அகமது மீரான் என்று எழுதச் சொல்லியிருப்பாள்.

நேற்றுச் சாயங்காலம் கஞ்சி கொடுக்கும்போது அவர் அவள் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"மீரான் ஹஜ்ஜுக்குப் போகப்போறானாம். இங்கன வந்து கேக்க அவனுக்கு வெக்கமா இருக்கும். நான் பொறுத்துக்கிட்டேன்னு சொல்லிரு. இது அமானிதம், பாத்துக்க."

அமானிதம் என்றால் நம்பி ஒப்படைத்தது. உரியவரிடம் சேர்க்காமல் வைத்துக்கொண்டால் நாளை அதற்குப் பதில் சொல்ல வேண்டும். ஜுபைதா சரி என்று தலையாட்டினாள். விடியும் முன் அவர் மவுத்தாகிவிட்டார்.

இப்போது திரைக்கு அந்தப் பக்கம் தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டது. ஜுபைதா எழுந்து போய்த் திரையருகே நின்றாள். மய்யித்தை வைத்துச் சந்தூக்கைத் தூக்கிவிட்டால் அவள் நாலு மாதம் பத்து நாள் இத்தாவில் உட்கார்ந்துவிடுவாள். அது முடியும்வரை அயல் ஆண் எவரும் அவளிடம் வந்து பேச முடியாது. அதற்குள் ஹஜ் விமானம் போய்விடும். அது மீரானுக்கும் தெரியும்.

"மைனி" என்றார் மீரான். குரல் உடைந்திருந்தது. ஹஜ்ஜுக்குப் போகிறவன் எல்லாரிடமும் பொறுத்துக்கொள்ளச் சொல்லிக் கேட்க வேண்டும் என்று தெரு தெருவாகப் போய்வந்ததையும், இந்த வீட்டை மட்டும் கடைசியாக வைத்திருந்ததையும், நாளைக்கு வருவதாக இருந்ததையும் தட்டுத்தடுமாறிச் சொன்னார். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிற ஆள். ஆனால் அந்த அழுகை பொய்யில்லை என்பது ஜுபைதாவுக்குத் தெரிந்தது. அதுதான் அவளுக்கு இனித்தது.

"அல்லாவுக்குச் செஞ்ச தப்ப அல்லா பொறுப்பான். மனுஷனுக்குச் செஞ்சத அந்த மனுஷன்தான பொறுக்கணும், மைனி. அவன் என்னப் பத்தி ஏதாவது சொன்னானா?"

ஒரு வார்த்தை. அது அவள் வாயில்தான் இருந்தது. ஜுபைதா திரும்பிப் பார்த்தாள். மய்யித்தின் கால்மாட்டில் தஸ்மியா உட்கார்ந்திருந்தாள். வேலையைப் பாதியில் போட்டுவிட்டு ஓடிவந்திருக்க வேண்டும், துப்பட்டாவில் புகையிலைத் தூள் அப்படியே இருந்தது.

"உங்க பேச்சையே அவுக எடுக்கல" என்றாள் ஜுபைதா.

வெளியே யாரோ நேரமாகிறது என்றார்கள்.

"அப்போ நீங்களாவது பொறுத்துக்கிட்டேன்னு சொல்லுங்க, மைனி."

"எனக்கா செஞ்சீக? எங்கிட்ட கேக்குதீக."

லெப்பை வந்து முடிச்சைப் போட்டார். சந்தூக்கு வாசலைத் தாண்டியதும் கலிமாச் சத்தம் தெருவில் இறங்கியது. ஜன்னல் இடுக்கு வழியாக ஜுபைதா பார்த்தாள். முன்பக்கக் கம்பை மீரான் பிடித்திருந்தார். பின்னால் வந்தவர்கள் தோள் மாற்றிக்கொள்ளக் கை நீட்டினார்கள். அவர் யாருக்கும் விடவில்லை. தெரு திரும்பும்வரை அந்த வெள்ளைத் தொப்பி சந்தூக்குக்குக் கீழேயே போனது.

அடக்கிவிட்டு அனஸ் திரும்பி வந்தபோது வெயில் ஏறியிருந்தது. கால் மண்ணைக் கழுவாமல் நேரே உம்மாவிடம் வந்தான். எல்லாரும் கலைந்த பிறகும் மீரான் மாமா கபர் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார், கூப்பிட்டாலும் எழுந்திருக்கவில்லை, ஹஜ்ஜுக்கே போகவில்லை என்று சொல்கிறார் என்றான். பிறகு குரலைத் தாழ்த்தினான்.

"உம்மா, நெசமாவே வாப்பா ஒண்ணும் சொல்லலியா?"

விடிந்ததிலிருந்து ஜுபைதா பச்சைத் தண்ணீர் குடித்திருக்கவில்லை. தஸ்மியாவைக் கூப்பிட்டாள்.

"ஒரு டீ போட்டுக் கொண்டா. சீனி தூக்கலா இருக்கட்டும்."

தஸ்மியா கொண்டுவந்த டம்ளரை இரண்டு கையாலும் வாங்கினாள். ஆறட்டும் என்று அனஸ் சொன்னதைக் கேட்காமல், சுடச்சுட, அடியில் கிடந்த சீனிவரை குடித்தாள்.