தூங்காத்துரையின் தூக்கம்

இரும்பு ஆலையில் கிரேன் ஓட்டும் தூங்காத்துரை நைட் ஷிப்டுக்குப் போகும் நாட்களில், அவருடைய தூக்கம் மட்டும் பத்து மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்து, கட்டிலில் அவர் படுக்கும் பக்கத்தில் படுத்துக் குறட்டை விட ஆரம்பித்தது. முதலில் கவனித்தது அவருடைய மனைவிதான். வீட்டிலேயே மெஷின் போட்டு அந்தத் தெருவுக்கெல்லாம் துணி தைத்துக் கொடுப்பவள். திருடனோ என்று லைட்டைப் போட்டுப் பார்த்தாள். ஆளைக் காணோம். மெத்தையில் அவர் அளவுக்கு ஒரு பள்ளம், தலையணையில் ஒரு குழி, தொட்டால் கதகதப்பு, கிரீசும் சோப்பும் கலந்த அவர் வாசனை. குறட்டையும் அவருடையதேதான். கல்யாணமான நாளிலிருந்து கேட்கிற குறட்டை, எங்கே ஏறும் எங்கே இறங்கும் என்று அவளுக்குத் தெரியாதா? பயப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் விடிந்தால் தைத்து முடிக்க வேண்டிய பள்ளிச் சீருடைகள் மலை மாதிரி கிடந்தன. போர்வையில் பாதியை அதன் மேல் போட்டுவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

காலையில் கண் சிவக்க வந்தவரிடம், "என்னங்க, உங்க தூக்கம் இங்க வந்து படுத்துட்டுப் போச்சு" என்றாள். "அதானே பார்த்தேன், அங்க தலையே காட்டல" என்றார் அவர். போய்ப் படுத்தார். பள்ளம் அதற்குள் நிமிர்ந்துவிட்டிருந்தது. அவருடைய தூக்கம் வயிறு நிறையத் தூங்கிவிட்டு விடிந்ததும் எழுந்து போய்விட்டது. அவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். ஷிப்டு வேலைக்காரர்கள் நிறைந்த தெரு என்பதால் யாரும் வாயைப் பிளக்கவில்லை. பக்கத்து வீட்டு நர்ஸின் தூக்கம் பஸ்ஸிலேயே குடியிருந்தது. அவள் ஏறி உட்கார்ந்தால் தோளில் வந்து சாயும், இறங்கினால் பஸ்ஸோடு போய்விடும். "உங்களுக்காவது வீடு வரைக்கும் வருது" என்று அவள் பெருமூச்சு விட்டாள்.

தூங்காத்துரை என்பது பெற்றவர்கள் வைத்த பெயரல்ல, ஆலை சூட்டிய பட்டம். அந்த ஆலையில் உலை அணைவதே கிடையாது. உலையே விழித்திருக்கும்போது மனுஷன் அசரலாமா என்று ஒரு வீம்பு அங்கே எல்லாருக்கும் உண்டு. எவனாவது வாய் தவறி, தூக்கம் வருதுப்பா என்று சொல்லிவிட்டால் போச்சு. கேன்டீனிலிருந்து ஒரு தம்ளர் பால் வாங்கி வந்து, எல்லாரும் சுற்றி நிற்க, "குடிடா கண்ணு, குடிச்சிட்டுத் தூளியில ஏறிப் படு" என்று நீட்டுவார்கள். வாங்கிக் குடித்தவனுக்கு வேலையை விட்டுப் போகிறவரை அதே பெயர். பால்குடி என்று ஒரு வெல்டர் இருந்தார்; தலை முழுக்க நரைத்த பிறகும் பால்குடிதான். நம் கிரேன்காரர் அந்தத் தம்ளரைத் தொட்டதே இல்லை. அதோடு நின்றாரா? கேட்டவனுக்கெல்லாம் ஷிப்டு மாற்றிக் கொடுத்தார். ஒருவனுக்குக் கல்யாணம், ஒருவனுக்குக் காய்ச்சல், ஒருவன் பிள்ளைக்குப் பரீட்சை. "அண்ணே, உங்கள விட்டா யாருண்ணே" என்று வந்து நின்றால் போதும், மனுஷன் உருகிவிடுவார். இன்றைக்குக் காலை, நாளைக்கு இரவு, அதற்கு மறுநாள் மத்தியானம். பாவம், அந்தத் தூக்கம்தான் என்ன செய்யும்? சின்ன வயதிலிருந்து பத்து மணிக்குப் படுத்துப் பழகியது. எங்கே போய்த் தேடும்? பேசாமல் வீட்டுக்கு வந்து படுத்துவிட்டது.

பகலில் வீட்டில் இருக்கிற ஆள் என்றால் தெருவுக்கே சொந்தம். எதிர்வீட்டு கேஸ் சிலிண்டர், மாடி வீட்டுத் தண்ணீர் மோட்டார், ஆளில்லாத வீட்டுக்கெல்லாம் வரும் பார்சல், எல்லாவற்றுக்கும் இவர் வீட்டு காலிங் பெல்தான். சொல்லப்போனால் மனைவியே, "சும்மாதானே படுத்திருக்கீங்க, அந்தத் துணி மூட்டைய இறக்கி வைங்களேன்" என்பாள். சுவருக்கு அந்தப் பக்கம் அவளுடைய மெஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருக்கும். இப்படியே இரண்டு மூன்று வருஷம் ஓடியது. ஒரு நாள் செருப்பை ஃபிரிட்ஜுக்குள் வைத்தார். இன்னொரு நாள் டீயில் உப்பைப் போட்டுக் குடித்துவிட்டு நன்றாக இருக்கிறது என்றார். பசி ருசி அறியாது, நித்திரை சுகம் அறியாது என்பார்கள். நித்திரையே இல்லாதவருக்கு ருசி எங்கிருந்து வரும்? அவள் சிரித்தாள், தெருவும் சிரித்தது.

சிரிப்பு நின்றது அவள் தம்பி வந்த அன்று. ஒட்டடைக்குச்சி என்று ஊர் கூப்பிடும் அளவுக்கு நெட்டையும் ஒல்லியுமான அவனும் அதே ஆலையில்தான் வேலை பார்த்தான். கிரேனுக்குக் கீழே நின்று கொக்கியை மாட்டுவதும், ஏற்று, இறக்கு என்று மேலே கை காட்டுவதும் அவன் வேலை. அம்மா போன பிறகு அவனைத் தூக்கி வளர்த்தவள் இவள்தான். சாப்பாட்டு நேரத்தில் வந்தவன், நடுவில் பிளந்திருந்த ஹெல்மெட்டை அவள் மெஷின் மேல் வைத்து, "தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சுக்கா" என்று பல்லைக் காட்டினான். கொக்கி இறங்கி வந்து தட்டிவிட்டதாம், வெறுங்கொக்கிதானாம், தப்பு தன் மேல்தானாம். யார் கிரேனில் இருந்தார்கள் என்று அவள் கேட்கவில்லை. அவன் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அன்று சாயந்திரம் கணவர் தானாகவே சொன்னார். "கண்ணு திறந்துதான் இருந்துச்சு. சத்தியமா திறந்துதான் இருந்துச்சு. ஆனா ஒரு நிமிஷம் நான் அங்க இல்ல." சொல்லிவிட்டு அந்த மனுஷன் சின்னப் பிள்ளை போல அழுதார். மேலே இருப்பவரும் தனக்கு வேண்டும், கீழே நிற்பவனும் தனக்கு வேண்டும். ஒரு தூக்கத்துக்காக இரண்டு பேரையும் வாரிக் கொடுக்க அவள் தயாராக இல்லை.

அடுத்த நைட் ஷிப்டு அன்று பத்து மணிக்குத் தூக்கம் வந்தபோது மெத்தை சுருட்டிக் கட்டப்பட்டிருந்தது. அவள் இடுப்பில் கை வைத்து வாசலில் நின்றாள். "அவர் இல்லாம உனக்கு இங்க என்ன படுக்கை வேண்டிக்கிடக்கு? உழைக்கிறது அவரு, கால நீட்டறது நீயா? காலையில அவர் வரும்போது வா, போ!" என்று ஒரு கத்து கத்தினாள். குடித்துவிட்டு வந்த புருஷனைக் கேட்பதுபோல் இருந்தது என்று நர்ஸ் பின்னால் சொன்னாள். தூக்கம் கொஞ்ச நேரம் கதவைச் சுரண்டிப் பார்த்துவிட்டு வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டது. கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் அது இருக்கும் இடம் தெரியும். பக்கத்தில் போன பூனை கொட்டாவி விட்டு அங்கேயே சுருண்டது.

காலையில் பார்த்தால் அதற்கு வெளிச்சம் ஆகவில்லை, சத்தம் ஆகவில்லை. பெல் அடித்தால் துள்ளி அலமாரி மேல் ஏறிக்கொண்டது. அவள் விடுவாளா? கோட்டுக்கு உள்துணி வைக்க வாங்கியிருந்த கறுப்புத் துணியை இரண்டு மடிப்பாய்ப் போட்டு ஜன்னலுக்குத் திரை தைத்தாள். பெல்லின் ஒயரைப் பிடுங்கினாள். மெஷினை நர்ஸ் வீட்டு முன்னறைக்குத் தூக்கிப் போனாள். மறுபடியும் சிலிண்டர் என்று வந்த எதிர்வீட்டுக்காரரிடம், "அவருக்கு இப்ப நடுராத்திரிங்க" என்று வெயிலில் நின்றுகொண்டு சொன்னாள். கணவருக்குக் கடைசி டீயைப் பாதி ஷிப்டோடு நிறுத்தினாள்; வீட்டுக்கு வரும் வழியில் சூரியன் கண்ணில் படாமல் இருக்கக் கறுப்புக் கண்ணாடி வாங்கிக் கொடுத்தாள். எத்தனையோ நாள் மல்லுக்கட்டிய பிறகு, ஒரு காலை அவர் படியேறும்போது, படியில் உட்கார்ந்திருந்தது எழுந்து பின்னாலேயே உள்ளே போனது. சற்று நேரத்தில் சுருதி சுத்தமாகக் குறட்டை கேட்டது. பகலில், ஆளோடு சேர்த்து. அவள் நர்ஸ் வீட்டில் மெஷினில் தலையைச் சாய்த்து அழுதாள். சந்தோஷத்தில்தான்.

தூக்கம் நேரம் பழகிக்கொண்டது, ஆனால் மனுஷன் பழகவில்லை. சில மாதம் கழித்து ஒருவன் வந்து, பெண் பார்க்கப் போகணும், பகல் ஷிப்டையும் சேர்த்துப் பார்த்துக்கோங்கண்ணே என்று தலையைச் சொறிய, இவர் வழக்கம்போல் உருகி, நைட் ஷிப்டு முடிந்த கையோடு பகலுக்கும் கிரேனில் ஏறிவிட்டார். வீட்டுக்குப் போனில் சொன்னார்: "இந்த ஒரு தடவைதான்." அவள் பதில் பேசுவதற்குள் வைத்துவிட்டார். வாசலில் தூக்கம் காத்துக்கொண்டிருந்தது. வெயில் ஏறியது. ஆள் வரவில்லை. அவர் இல்லாமல் படுக்கை கிடையாது என்று அவள்தானே சொல்லியிருந்தாள்? அது எழுந்தது. தேடிக்கொண்டு கிளம்பிவிட்டது. முக்கில் கடைக்காரர் கொட்டாவி விட்டார், அடுத்து பஸ் ஸ்டாப்பில் நின்றவர்கள் வரிசையாய்க் கொட்டாவி விட்டார்கள், கொட்டாவி ஆலை ரோட்டில் திரும்பியது. ஐயோ, நானே பழக்கி நானே அனுப்பிவிட்டேனே என்று, அவள் ஊசி குத்தியிருந்த ஜாக்கெட்டோடு ஓடினாள்.

"எங்க வீட்டுக்காரர் தூக்கம் இந்தப் பக்கம் வந்துச்சா?" என்று கேட்டில் இருந்த வாட்ச்மேனிடம் கேட்டாள்.

"இப்பத்தாம்மா உள்ள போச்சு" என்றார் அவர், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "நம்ம தூங்காத்துரையோடதுதானேன்னு விட்டுட்டேன்."

அவரைத் தள்ளிக்கொண்டு ஓடி, கொட்டகை வாசலில் நின்றாள். உருகிய இரும்பு தளும்பும் பெரிய பானையைத் தூக்கிக்கொண்டு கிரேன் மேலே நகர்ந்துகொண்டிருந்தது. கீழே, வழியோரத்தில், புது ஹெல்மெட்டும் ஒட்டடைக்குச்சி உடம்புமாக அவள் தம்பி கை காட்டிக்கொண்டு நின்றான். கிரேன்காரர் உட்காரும் கூண்டுக்கு ஏறும் இரும்பு ஏணியில் உட்கார்ந்திருந்த புறாக்கள் ஒவ்வொன்றாய்த் தலையைச் சிறகில் செருகிக்கொண்டன. கீழ்ப்படிப் புறா, நடுப்படிப் புறா, மேல்படிப் புறா. கத்தினாள். உலைச் சத்தத்தில் அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. பானை நின்றது. ஒரு கணம் ஆடியது. பிறகு, கைக்குழந்தையைக் கீழே விடுவது போல, மெதுவாக, தன் மேடை மேல் போய் உட்கார்ந்தது. கிரேனின் மணி ஒரு தரம் அடித்து ஓய்ந்தது. கூண்டுக் கதவு திறந்து தூங்காத்துரை ஏணியைப் பிடித்துப் பிடித்து இறங்கினார். சூப்பர்வைசர் ஓடி வந்தார், எல்லாரும் ஓடி வந்தார்கள். அவர் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"எனக்குத் தூக்கம் வருது."

யாரோ ஒருவன் பழக்கதோஷத்தில் கேன்டீனுக்கு ஓடிப் பால் தம்ளரோடு வந்துவிட்டான். வந்த பிறகு அதை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றான். தூங்காத்துரை கை நீட்டி வாங்கினார். ஒரே மடக்கில் குடித்தார். "சூடா இருக்கு, நல்லாருக்கு. இன்னொரு தம்ளர் இருக்கா?" என்றார். ஒட்டடைக்குச்சி, "மாமாவுக்கு வாங்குறப்ப எனக்கும் ஒண்ணு" என்றான். பால்குடி வெல்டர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். சூப்பர்வைசரின் தூக்கம் மூன்று வருஷமாய் வெளியே அவருடைய காரிலேயே காத்துக் கிடந்தது என்று பின்னால்தான் தெரிந்தது. அவர் வேறு ஒருவரைக் கிரேனில் ஏறச் சொல்லிவிட்டு, சாமான் அறையைத் திறந்து, பழைய பெஞ்சைத் தானே இழுத்துப் போட்டார். தூங்காத்துரை படுத்ததும் பெஞ்சு இரண்டு ஆள் கனத்துக்குக் கிறீச்சிட்டது. வாசலில் மனைவி காவல் இருந்தாள், ஒருவரையும் பேச விடாமல்.

அந்தச் சாமான் அறைக்கு அவளே கறுப்புத் திரை தைத்துக் கொடுத்தாள். வருஷங்கள் போயின. அங்கே இப்போது ஆறு கட்டில்கள் இருக்கின்றன. ஷிப்டு காலை, மத்தியானம், இரவு என்று ஒழுங்காய் முன்னோக்கித்தான் நகர்கிறது, தாறுமாறாய்த் தாவுவதில்லை. யாராவது மாற்றிக் கேட்டால் தூங்காத்துரை, "எனக்கொண்ணும் இல்லப்பா, வீட்ல கேளு" என்கிறார். வீட்டில் போய்க் கேட்கும் தைரியம் இதுவரை எவனுக்கும் வரவில்லை. இடைவேளையில் ஆளுக்கு ஆள் தூக்கங்கள் கேட்டில் வந்து நிற்க, வாட்ச்மேன் ஒவ்வொன்றாய் உள்ளே விடுகிறார். தெருவில் பாதி ஜன்னல்களுக்குக் கறுப்புத் திரை. நர்ஸின் தூக்கம் ஒரு நாள் அவளோடு பஸ்ஸை விட்டு இறங்கியது. பால் தம்ளர் வழக்கம் மட்டும் மாறவில்லை. யாராவது தூக்கம் வருது என்றால் இன்றும் பால் வருகிறது, குடித்துவிட்டுப் போய்ப் படுக்கிறார்கள், அவ்வளவுதான்.

ஒட்டடைக்குச்சிக்குக் கல்யாணமாகி, பிள்ளை பிறந்து, லேசாய்த் தொப்பையும் விழுந்துவிட்டது. பிளந்த ஹெல்மெட் அவள் மெஷினுக்குப் பக்கத்தில் நூல்கண்டு போட்டு வைக்கும் கூடையாக இருக்கிறது. கணவருக்கு லீவு நாள் வந்தால் ராத்திரி பத்து மணிக்கு ஆளும் தூக்கமும் ஒன்றாகவே கட்டிலில் விழுந்து, அவளைச் சுவரோடு ஒட்ட வைத்துவிடுகிறார்கள். வேலையெல்லாம் முடித்து, லைட்டை அணைத்துவிட்டு வந்து, "ரெண்டு பேரும் கொஞ்சம் தள்ளிப் படுங்க" என்கிறாள். இரண்டு பேரும் தள்ளிப் படுக்கிறார்கள்.