காற்று செய்த குற்றம்

பற்கள்தான் முதலில் வந்தன, ஒவ்வொன்றும் தலையணை அளவு, வெள்ளை வெளேரென்று, பிறகு மீசை, பிறகு கும்பிட்ட இரண்டு கைகள், இவ்வளவு பெரிய மனிதர் என்னை ஏன் கும்பிட்டபடி வருகிறார் என்று ஸ்கூட்டரில் இருந்தபடியே நினைத்தேன், நினைத்து முடிப்பதற்குள் முப்பதடிச் சென்னியப்பன் தன் அறுபதாவது பிறந்தநாள் வளைவோடும் இரும்புக் குழாய்களோடும் என்மேல் படுத்துவிட்டார், கல்விச் செம்மல், கொடைக் கடல், ஏழைகளின் ஏணி, இதில் என் வலது தொடையை உடைத்தது எந்தப் பட்டம் என்று இன்றுவரை தெரியவில்லை, மூன்று வருஷமாக அந்தப் பற்கள் கனவில் விழுகின்றன, இப்போதும் மேலே தெரிகின்றன, ஆனால் இப்போது விழித்திருக்கிறேன், ரேஸ்கோர்ஸ் சாலை, காலை ஏழு மணி, அதே மாதிரி வளைவு, அதே முகம், அதே உயரம், எழுத்து மட்டும் வேறு, விபத்தில் நடையிழந்தோருக்காக நடப்போம், தலைமை கல்விச் செம்மல் சென்னியப்பன், அதற்கு அடியில் ஊன்றுகோலோடு என்னை நிறுத்தியிருக்கிறார்கள், மீண்டு வந்தவர்கள் சார்பில் முதல் அடி வைக்கிறவளாம். என் காலை உடைத்தது எது என்று அழைத்தவர்கள் கேட்கவில்லை, ஆஸ்பத்திரிக்கு ஆப்பிள் கூடையோடும் போட்டோகிராபரோடும் வந்து என் கட்டுக்குப் பக்கத்தில் கும்பிட்டு நின்றவருக்கும் என் முகம் நினைவில்லை, அன்றும் அவர் கேமராவைத்தானே பார்த்தார்.

குற்றவாளி காற்று, போலீஸில் அப்படித்தான் எழுதினார்கள், எதிர்பாராத பலத்த காற்றினால் என்று, நான் இருபது வருஷமாகப் பூகோளம் எடுக்கிறவள், பாலக்காட்டுக் கணவாய் வழியாக எந்த மாதம் காற்று வரும், எத்தனை மணிக்கு வேகம் பிடிக்கும் என்று எட்டாம் வகுப்புக்கு அம்புக்குறி போட்டுக் காட்டுகிறவள், அது பங்குனி, அவினாசி ரோட்டில் ஓர் இலை அசையவில்லை, குழி தோண்டாமல் மணல் மூட்டையில் குழாயைச் செருகி நிறுத்தியிருந்தார்கள், மல்லாந்து கிடந்தபோது பிய்ந்த மூட்டையிலிருந்து மணல் என் காதுக்குள் இறங்கியது, இதையெல்லாம் சொன்னேன், எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை மூடிவிட்டு, ஏனுங்க டீச்சர், காத்துக்கு மாசமெல்லாம் தெரியுமாங்க என்றார். இது ஆனி. காற்றுக்குத் தெரியும். ஒன்பதுக்கு மேல் வரும்.

மைக்கைப் பிடித்த சென்னியப்பன், இந்தம்மா எனக்குக் கூடப் பொறக்காத தங்கச்சி, இவங்க கையப் புடிச்சுக் கடைசி வரைக்கும் கூட்டீட்டுப் போறது இந்த அண்ணனோட கடமை என்கிறார், அவர் கல்லூரியின் இரண்டாயிரம் பிள்ளைகள் கைதட்டுகிறார்கள், தட்டாவிட்டால் வருகைப் பதிவு இல்லை. புற்றுநோய்க்கு, சிறுநீரகத்துக்கு, நொய்யல் ஆற்றுக்கு என்று இந்தச் சாலையில் அவர் நடக்காத நோயில்லை, ஒவ்வொன்றுக்கும் பத்தடி, பத்தாவது அடியில் உதவியாளர் மயில்சாமி கார்க் கதவைத் திறந்து நிற்பார், இன்றும் நிற்கிறார், ஒன்பதாவது அடியில் சென்னியப்பன் கையை உருவப் பார்த்தார், மூன்று வருஷம் ஊன்றுகோலில் தொங்கிய கைக்குப் பிடி கொஞ்சம் ஜாஸ்தி, அண்ணா, கைய விட்றாதீங்ணா, விட்டா விழுந்துருவேன் என்றேன், நீட்டியிருந்த செல்போன்களுக்கெல்லாம் கேட்கும்படி.

நடந்தோம். நடையா அது, ஊர்ந்தோம், கோல், இடது கால், பிறகு வலது காலை இழுத்து வைத்து ஒரு மூச்சு, வளைவில் தொடங்கி வளைவுக்கே திரும்பும் முழுச் சுற்று இரண்டரை கிலோமீட்டர், அரை கிலோமீட்டருக்கு மேல் கூடாதுங்க டீச்சர் என்று என் பிசியோதெரபிஸ்ட் ஜெசிந்தா சொல்லியிருந்தாள், தொடை எலும்புக்குள் வைத்த கம்பி பழுக்கக் காய்ந்தது, காயட்டும், பக்கத்தில் கஞ்சி போட்ட சட்டை சொதசொதவென்று முதுகில் ஒட்டுவதைப் பார்த்தால் வலி பாதியாகிறது, சேர்மனை முந்த யாருக்கும் தைரியமில்லை, பின்னால் இரண்டாயிரம் பேரும் என் நொண்டலுக்குத் தாளம் போட்டார்கள், பேண்டுக்காரர்கள் தெரிந்த மூன்று பாட்டையும் வாசித்துத் தீர்த்து மறுபடி முதல் பாட்டுக்கு வந்தார்கள், மடி தேடும் கன்றுபோல் கார் கதவைத் திறந்தபடி கூடவே உருண்டது.

பாதித் தூரத்தில், சிரிப்பைக் கலைக்காமல், வாய் ஓரத்தால், அம்மிணி, உக்காந்துக்கலாமே, எனக்கு மீட்டிங் இருக்குது என்றார், அண்ணா, மூணு வருசம் முந்தி அவினாசி ரோட்ல உங்க பொறந்தநாள் வளைவு ஒரு ஸ்கூட்டர் மேல விழுந்துச்சே, அது நானுங்ணா என்றேன், அவர் ஓர் அடி தடுக்கினார், ஆனால் பற்கள் அசையவில்லை, அது காத்துங் அம்மிணி, கேசே முடிஞ்சு போச்சு என்றார், காத்தில்ல, நம்ம மூட்டைதான்னு ஒரு வார்த்தை சொல்லுங்ணா, இங்கயே கைய விட்டுர்றேன் என்றேன், அவர் காரைப் பார்த்தார், பிள்ளைகளைப் பார்த்தார், செல்போன்களைப் பார்த்தார், காத்துதானுங் அம்மிணி. சரீங்ணா, காத்துதான், நடக்கலாமுங்ணா.

வளைவு மறுபடி தெரிந்தபோது மணி ஒன்பதே கால், எனக்குக் கால் இருக்கும் இடமே தெரியவில்லை, மேற்கே தூங்குமூஞ்சி மரங்கள் ஒவ்வொன்றாகத் தலையை ஆட்ட ஆரம்பித்தன, கரும்பலகையில் நான் போடும் அம்புக்குறிகள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகச் சாலைக்குள் நுழைந்தன, பிளக்ஸ் உப்பியது, பற்கள் மெல்லத் திறந்தன, குழாய் ஒன்று கிறீச்சென்றது, பத்தடிக்கு முன்னால் சென்னியப்பன் நின்றுவிட்டார், வாங்ணா, காத்துதானுங்களே என்று இழுத்தேன், ஈரக் கை என் பிடியிலிருந்து வழுக்கியது, ஏழைகளின் ஏணி வேட்டியைத் தூக்கிக்கொண்டு பக்கவாட்டில் ஓடியது, ஓடியபடியே கத்தியது, அடேய் மயிலு, குழி தோண்டுனாங்களாடா, இல்ல இந்தத் தடவையும் மூட்டைதானா.

இந்தத் தடவையும். பேண்டு நின்றுவிட்டது. முன்வரிசைப் பிள்ளைகள் மூட்டையைப் பார்த்தார்கள், என் காலைப் பார்த்தார்கள், நீட்டிய செல்போன் எதுவும் இறங்கவில்லை, கண்ணுகளா, அடியில வராதீங்க, ஓரமாப் போங்க என்று கோலை நீட்டி அவர்களை ஒதுக்கினேன், பிறகு நான் மட்டும் போனேன், கோல், இடது கால், வலது கால், நட்ட நடுவில் நின்று அண்ணாந்தேன், பற்கள் தலைக்குமேல் ஆடுகின்றன, ஒவ்வொன்றும் தலையணை அளவு, விழுந்தால் விழட்டும் என்று நிற்கிறேன், விழவில்லை, அங்கே கார்க் கதவுக்குப் பின்னால் குந்தியிருக்கிறவரின் வாய் இறுக மூடியிருக்கிறது, ஒரு பல்கூடத் தெரியவில்லை.