கடை திறக்கும் நேரம்

வியாபாரிகள் சங்கத்து மாடியறையில் அன்று மாலை டீச்சருக்கு இருப்புக் கொள்ளவில்லை. அந்த அறையைக் கிடங்காக்கித் தரச் சொல்லி அட்டைப்பெட்டி வியாபாரி ஒற்றைக்காலில் நின்றுகொண்டிருந்தார். சங்கச் செயலாளர் முடிவாகச் சொல்லிவிட்டார்: "ஒரு மாசமா நடக்குதும்மா உங்க இங்கிலீஷ் கிளாஸ். இன்னிக்கு நானே வந்து உக்காருறேன். படிக்க வர்ற ஏழு வியாபாரிகளும் ஆளுக்கு ஒரு வரியாவது சொந்தமாப் பேசணும். இல்லேன்னா ரூமைக் காலி பண்ணிடுங்க."

சொன்னபடியே கடைசி பெஞ்சை நிறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

டீச்சர் கரும்பலகையில் 'சிம்பிள் பிரசென்ட்' என்று எழுதினாள். "தினமும் செய்யுறதைச் சொல்றதுக்கு இதுதான். எத்தனை மணிக்குக் கடை திறப்பீங்க? ஒவ்வொருத்தராச் சொல்லுங்க."

ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. கேள்வி புரியாமல் இல்லை. எதிர்க்கடைக்காரனை வைத்துக்கொண்டு உள்ளதைச் சொல்ல எந்த வியாபாரிக்கு மனசு வரும்?

ஒருவழியாகச் செருப்புக்கடைக்காரர் தொண்டையைச் செருமினார். "ஐ ஓப்பன் அட் எய்ட். எவ்ரி டே."

எதிர்ச்சாரியில் செருப்புக்கடை வைத்திருப்பவர் அவருடைய சகலை. மாமனார் ஒருவரே என்பதைத் தவிர இருவருக்கும் வேறெதிலும் ஒத்துப்போகாது. விடுவாரா?

"ஐ ஓப்பன் அட் செவன்!"

"ஏன் சகலை, ராத்திரி கடைக்குள்ளயே படுத்துக்கிறியா?"

"இங்கிலீஷ்ல! இங்கிலீஷ்ல!" டீச்சர் துள்ளினாள்.

"ஐ ஓப்பன் அட் சிக்ஸ்!" என்று எழுந்தார் கைப்பைக் கடை அக்கா. "ஐ க்ளீன். ஐ செல். நோ லஞ்ச்!"

"ஐ நெவர் க்ளோஸ்!" பாத்திரக்கடைக்காரர் மேசையில் அறைந்தார். பூட்டுக்காரரும் தையல்காரரும் முண்டியடித்துக்கொண்டு ஆளுக்கொரு பொய்யை ஏலத்தில் விட்டார்கள். அத்தனையும் சுத்தமான இங்கிலீஷ் பொய். டீச்சர் விரல்விட்டு எண்ணினாள். ஆறு!

அதற்குள் செயலாளருக்கே பொறுக்கவில்லை. சந்தையிலேயே பெரிய மின்சாமான் கடை அவருடையது. "ஐ ஓப்பன் அட் ஃபைவ்!" என்று ஒரே போடாகப் போட்டார்.

மிச்சம் இருந்தது வாட்ச் ரிப்பேர்காரர் ஒருவர்தான். செயலாளரின் கடைக்கு நேரெதிரே பெட்டி போட்டிருப்பவர். ஒரு மாதமாக வகுப்பில் மூச்சு விட்டதில்லை.

"என்ன வாட்ச்சு, முள்ளு ஓடலையா?" என்று சீண்டினார் செயலாளர்.

வாட்ச்சு மெல்ல எழுந்தார். "யூ நோ ஓப்பன். யுவர் ஒய்ஃப் ஓப்பன்ஸ். அட் நைன். யூ கம் அட் லெவன். ஐ சீ. எவ்ரி டே."

அறை அதிர்ந்தது. சகலைகள் இருவரும் ஒருவர் தோளில் ஒருவர் விழுந்து சிரித்தார்கள். கல்யாணத்தில்கூட அவர்கள் அப்படி நின்று யாரும் பார்த்ததில்லை. டீச்சர் மட்டும் பாதிச் சிரிப்பில் நிறுத்திச் செயலாளரைப் பார்த்தாள். ஏழாவது வாயும் திறந்துவிட்டது, சரி. ஆனால் திறந்த இடம் இதுவா? அறை போனது போனதுதான்.

செயலாளர் காதுமடல் சிவக்க எழுந்து முன்னால் வந்தார்.

"டீச்சர், 'உனக்கு வேற வேலையே இல்லையாடா, என் கடையைத்தான் பாத்துக்கிட்டிருக்கியா'ன்னு இவனை இங்கிலீஷ்ல எப்படிக் கேக்குறது?"

டீச்சருக்கு உயிர் வந்தது. வியாபாரம் படியப்போகிற நேரத்தில் அவசரம் காட்டக் கூடாதென்று சந்தையில் இருந்த ஒரு மாதத்தில் அவளும் கற்றிருந்தாள்.

"அது கேள்வி கேக்குற பாடம் சார்," என்றாள், சாக்பீஸ் தூளை நிதானமாகத் தட்டிக்கொண்டே. "நாளைக்குத்தான் நடத்துவேன். ஆறு மணிக்கு, இதே ரூம்ல."

"அஞ்சரைக்கு வைங்க," என்றார் செயலாளர். "அதுவரைக்கும் பொறுக்குறதே பெருசு."