பாகற்கொடியும் சீனியாப் பூவும்

மக்டலின் தன் வீட்டு வளவில் பூக்கன்று வைக்கத் தொடங்கியபோது ஊரில் பாதிப்பேர் சிரித்தார்கள். வாகரைக்கு வடக்கே, கடலுக்கும் களப்பு என்கிற உப்பங்கழிக்கும் நடுவே கிடக்கிற சின்ன ஊர் அது. சுனாமி உள்ளே புகுந்து அவளுடைய வீட்டையும் தங்கச்சியையும் ஊரின் மாதா கோயிலையும் ஒரே காலையில் கொண்டுபோயிருந்தது. அதன் பின்னால் சண்டை வந்தது. ஊர்ச்சனமெல்லாம் பொட்டணி கட்டிக்கொண்டு முகாமுக்கு ஓடி, ஒருவழியாகத் திரும்பி வந்து தகரக் கொட்டில்களில் குடியிருந்த காலம். மற்றவர்கள் மரவள்ளி நட்டார்கள், கத்தரி நட்டார்கள். மக்டலின் சீனியா விதை தூவினாள்.

"பூவையா புள்ள ஆக்கித் தின்னப் போறாய்?" என்று கேட்டார்கள். அவள் குனிந்து விதையை மண்ணால் மூடினாள்.

காரணம் முகாமில் பார்த்த ஒரு கல்யாணம். மணப்பெண்ணுக்குக் கடதாசிப் பூவில்தான் செண்டு கட்டிக் கொடுத்திருந்தார்கள். திடீரென்று மழை பிடித்துக்கொள்ள, சாயம் கரைந்து அந்தப் பிள்ளையின் வெள்ளைச் சாறி முழுக்கச் சிவப்பாகிப் போனது. பக்கத்தில் நின்ற மகள் றெபேக்கா, "அம்மா, எனக்கு இப்பிடி வேணாம்" என்று காதுக்குள் சொன்னாள். "உனக்கு நான் மண்ணில முளைச்ச பூ தருவன் மகள்" என்று மக்டலின் சொல்லிவிட்டாள். சொன்ன இடத்தில் காலை ஊன்ற ஒரு சாண் நிலம் கூட அப்போது அவளுக்கு இருக்கவில்லை.

முதல் விதை முளைத்து, மஞ்சளாகி, செத்தது. கடல் விட்டுப்போன உப்பு மண்ணுக்குள் அப்படியே இருந்தது. மக்டலின் மாட்டெருவைச் சுமந்து வந்து கொட்டினாள். கணவன் யாக்கோப்பு களப்பில் வலை வீசுகிறவன். அவன் கொண்டுவரும் மீனின் குடலையும் செதிலையும் குழி தோண்டிப் புதைத்தாள். மாரி மழை ஒவ்வொரு வருசமும் கொஞ்சம் உப்பைக் கழுவிக்கொண்டு போனது. ஒரு தை மாதம், வேலியோரம் ஒரேயொரு சிவப்புச் சீனியா பூத்தது. மக்டலின் யாக்கோப்பை உலுக்கி எழுப்பிக் கூட்டிவந்து காட்டினாள். அவன் கண்ணைக் கசக்கிக்கொண்டு குந்தியிருந்து கனநேரம் பார்த்தான். பிறகு, "வடிவாத்தான் இருக்கு" என்றான்.

அதன்பிறகு அந்த வளவை யாராலும் பிடித்துவைக்க முடியவில்லை. சீனியா, கொஸ்மொஸ், செவ்வந்தி, ரோசா என்று வேலிக்கு வேலி நிறம். சண்டை முழுக்க முடிந்து ஒரு வருசம் ஆனபோது றெபேக்காவின் கல்யாணப் பேச்சும் ஒப்பேறியது. மாப்பிள்ளை சுஜீவன் மேசன் வேலைக்காரன். கடல் கொண்டுபோன மாதா கோயிலைத் திரும்பக் கட்ட வந்தவன், சுவர் எழும்ப எழும்ப றெபேக்காவையும் பார்த்துவிட்டான். புதுக் கோயிலில் நடக்கப்போகிற முதல் கல்யாணம் அவர்களுடையதுதான் என்று பாதர் சொல்லிவிட்டார். ஆனி மாதம் நாள் குறித்தார்கள். மக்டலின் அதற்குக் கணக்காகப் பார்த்து விதைத்து, மொட்டுக் கிள்ளி, காத்திருந்தாள்.

வளவுக்கு மேற்கே, வேலிக்கு அங்கால், நல்லரத்தினத்தின் வயல். எத்தனையோ வருசமாகக் காடு பற்றிக் கிடந்த நிலம். மிதிவெடி எச்சரிக்கைப் பலகையைக் கழற்றிக்கொண்டு போன பிறகுதான் நல்லரத்தினமும் மனைவி கண்ணகையும் திரும்பி வந்து, வயலோரம் ஒரு குடிசை போட்டு, குளத்துத் தண்ணீரை நம்பி விதைத்தார்கள். நெல் முளைத்தது. நெல்லைவிட வேகமாகக் களை முளைத்தது. நல்லரத்தினம் கடைக்குப் போய்க் களைமருந்து வாங்கிவந்து, மருந்தடிக்கிற டாங்கியை முதுகில் கட்டிக்கொண்டு வயலுக்குள் இறங்கினான். அவன் இறங்கிய பின்னேரம் நல்ல கச்சான். மேற்கேயிருந்து அடிக்கிற அந்தச் சூட்டுக் காற்று, உலர்த்தப் போட்ட சீலையைக் கொடியோடு பறித்துக்கொண்டு போகும்.

நாலைந்து நாள் கழித்து மக்டலின் விடிய எழும்பித் தண்ணீர் ஊற்றப் போனாள். சீனியாக்கள் எல்லாம் கழுத்தைத் திருப்பிக்கொண்டு நின்றன. தண்டுகள் முறுக்கிய கயிறு போல வளைந்திருந்தன. ரோசாவின் கொழுந்துகள் சுருண்டு, நூல் நூலாகக் கிடந்தன. கொஸ்மொஸ் பூவொன்றைத் தொட்டாள். பாதி விரிந்து, பாதி கோணிப்போய், பூ மாதிரியே இல்லை.

உப்பு. திரும்பவும் உப்பு ஏறிவிட்டது. அவள் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் குந்திவிட்டாள். கடல் தன்னை மறக்கவில்லை என்று தோன்றியது. யாக்கோப்பு வந்து பார்த்தான். "மட்டக்களப்பு மார்க்கற்றில பிளாஸ்ரிக் பூ விக்கிறான். அசல் ரோசா மாதிரியே இருக்கும்" என்றான்.

"அந்தக் கதையை விடுங்க!" என்று மக்டலின் போட்ட சத்தத்தில் கோழிகள் சிதறின.

கோபம் வந்ததும் அவளுக்கு மூளையும் வேலை செய்யத் தொடங்கியது. சுனாமிக்குப் பிறகு முதலில் கருகியது புல்தான். இப்போதோ புல்லு பச்சைப்பசேலென்று நிற்கிறது. தென்னம்பிள்ளைக்கும் ஒன்றுமில்லை. இலை அகன்றதுகள் மட்டுந்தான் முறுகியிருக்கின்றன. அதுவும் மேற்கு வேலியோரம் நின்றவைக்குத்தான் கூடச் சேதம். உப்பென்றால் கிழக்கே, கடல் பக்கமிருந்தல்லவா வரவேண்டும்? அப்போதுதான் நினைவு வந்தது: அன்றைக்குப் பின்னேரம் மூக்கில் அடித்த அந்த மருந்து வாடை.

"நல்லரத்தினம்!" என்று பல்லைக் கடித்தாள். முறுகிப்போன சீனியாக் கன்றொன்றை வேரோடு பிடுங்கினாள். வேலிக் கடப்பைத் தாண்டி வயல்வரம்பில் நடந்தாள்.

எதிரே, அதே வரம்பில், கண்ணகை வந்துகொண்டிருந்தாள். சீலையைத் தூக்கிச் செருகியிருந்தாள். அவளுடைய கையிலும் ஏதோ ஒரு கொடி. நடை, சண்டைக்கு வருகிறவளின் நடை. அதுவரைக்கும் இரண்டு பேரும் வேலிக்கு மேலால் தலையாட்டியதைத் தவிர ஒரு சொல் பேசியதில்லை.

"இஞ்ச பாருகா!" கண்ணகைதான் முந்திக்கொண்டாள். "உன்ர பூவை நான் கண் வைச்சுப் பாத்தனா? இல்லையே? பொறகு நீ ஏன் என்ர பாகலைப் பாக்கிறாய்? ஒவ்வொரு நாளும் வேலியால எட்டி எட்டிப் பாத்தியே, இப்ப கண்ணூறு பட்டு என்ர கொடி முழுக்கச் சுருண்டு போச்சு!"

"கண்ணூறோ?" என்று மக்டலின் கேட்டாள். "உன்ர புருசன் மருந்தடிச்சு என்ர மகள்ர கல்யாணப் பூவை அழிச்சுப்போட்டான், நீ என்னட்டக் கண்ணூறு கதைக்கிறாய்! இதைப் பாரு!"

அவள் சீனியாவை நீட்டினாள். கண்ணகை பாகற்கொடியை நீட்டினாள்.

இரண்டும் ஒரே மாதிரி முறுகியிருந்தன. ஒரே மாதிரிச் சுருண்ட கொழுந்து. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் மாதிரி.

இரண்டு பெண்களும் கையில் இருந்ததைப் பார்த்தார்கள். ஒருத்தியை ஒருத்தி பார்த்தார்கள். பிறகு ஒரே நேரத்தில் கழுத்தைத் திருப்பி வயலுக்குள் பார்த்தார்கள். அங்கே நல்லரத்தினம், முதுகில் டாங்கியோடு, மிச்சத் துண்டுக்கு மருந்தடிக்கப் புறப்பட்டு நின்றான்.

"இஞ்ச வாங்க!" என்றாள் கண்ணகை.

அவன் வந்தான். இரண்டு பெண்களையும் ஒன்றாகக் கண்டதும் கால் தானாக மெதுவானது.

"அண்ணன், என்னத்தை அடிச்சீங்க?" என்று மக்டலின் கேட்டாள்.

"களைக்குத்தான் தங்கச்சி. நெல்லுக்கு ஒண்டும் செய்யா. அகல இலைக்களையை மட்டுந்தான் கொல்லும் எண்டு கடைக்காரன் சொன்னான்."

"அப்ப என்ர பாகல் இலைக்களையோ?" என்று கண்ணகை பாய்ந்தாள். "இந்தப் புள்ளைர பூ இலைக்களையோ? மருந்துக்குத் தெரியுமா எது களை, எது கறி எண்டு? கச்சான் நேரத்தில அடிச்சிருக்கிறீங்க! நான் பாகலுக்கு மிளகாய் சுத்திப் போட்டன், வைக்கோல் பொம்மை கட்டித் தூக்கினன். பேய் நீங்கதான் எண்டு எனக்குத் தெரியாமப் போச்சே!"

குடிசை வாசலில் அந்த வைக்கோல் பொம்மை நாக்கை நீட்டிக்கொண்டு தொங்கியது. மக்டலின் அதைப் பார்த்தாள், நல்லரத்தினத்தைப் பார்த்தாள். இரண்டுக்கும் ஒரே மாதிரி மீசை. அவளுக்குள்ளிருந்து சிரிப்பு பீறிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. கண்ணகையும் பார்த்துவிட்டு வாயைப் பொத்தினாள். அடுத்த நிமிசம் இரண்டு பேரும் ஒருத்தியின் தோளை ஒருத்தி பிடித்துக்கொண்டு, வரம்பு சரிய, குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். நல்லரத்தினம் டாங்கியை இறக்கிவைத்துவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

சிரிப்பு அடங்கியதும் மக்டலினின் கண்ணில் தண்ணீர் நின்றது. அது சிரித்ததால் வந்தது மட்டுமல்ல. கண்ணகைக்கு அது விளங்கியது.

"எப்ப கல்யாணம்?"

"வாற கிழமைக்கு அடுத்த கிழமை. இனி விதைச்சாலும் பூக்காது."

கண்ணகை வரம்பில் குந்தி, பாகற்கொடியை உருட்டிக்கொண்டே கொஞ்சநேரம் யோசித்தாள். பிறகு நிமிர்ந்து, "குளத்தில தாமரை நிறைஞ்சு கிடக்குகா" என்றாள். "சண்டைக் காலத்தில ஆரும் இறங்காத குளம், தண்ணியே தெரியாது. உங்கட கோயிலுக்குத் தாமரை ஆகுமா?"

மக்டலினுக்குத் தெரியவில்லை. தாமரையை இந்துக் கோயிலில்தான் கண்டிருக்கிறாள். அன்றைக்கே சைக்கிளை எடுத்துக்கொண்டு பாதரிடம் போனாள். பாதர் புதுக்கோயிலின் நிலத்தைத் தன் கையாலேயே துடைத்துக்கொண்டிருந்தார். விசயத்தைக் கேட்டுவிட்டு, "பீடத்திலயும் வைக்கலாம் மகள்" என்றார். "தண்ணி மட்டும் சிந்தாமப் பாருங்க. புது நிலம், மாப்பிள்ளை பூசினது. ஒரு கறை விழுந்தா அவர் கல்யாணத்தை நிப்பாட்டிப்போட்டு நிலத்தைத்தான் பாப்பார்."

தாமரை வெட்டினால் கன நேரம் தாங்காது. அதனால் கல்யாணத்தன்று விடியத்தான் பறிக்க வேண்டும் என்று கண்ணகை கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். குளத்துக்குள் போகத் தோணி வேண்டும். யாக்கோப்பின் தோணியை நல்லரத்தினத்தின் உழவு மெசின் பெட்டியில் ஏற்றினார்கள். களப்பைத் தவிர வேறெங்கும் போகாத தோணி, வயல்வரம்போரம் ஆடி ஆடிப் போனதைப் பார்க்கச் சனம் திரண்டது.

யாக்கோப்பு எந்தக் காற்றிலும் தோணி விடுவான். தாமரைக் கொடியில் அவனுக்குப் பழக்கமில்லை. குளத்தின் நடுவே கொடி சுற்றி, தோணி அசையமாட்டேன் என்று நின்றுவிட்டது. அவன் எழும்பி நின்று சவள் தடியை ஊன்றித் தள்ளினான். தோணி போனது. அவன் போகவில்லை. சவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஒரு கணம் தொங்கினான், பிறகு மெல்லச் சரிந்து தண்ணீருக்குள் விழுந்தான்.

"பொம்புளைர தகப்பன் குளிச்சாச்சு!" என்று தோணிக்குள் இருந்த நல்லரத்தினம் கத்தினான். கையைக் கொடுத்து இழுக்கப் போய் அவனும் விழுந்தான். கரையில் நின்ற மக்டலினுக்கு ஏசுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. "ரெண்டு பேரும் விழுந்தாலும் பரவாயில்ல, பூவை நனைச்சுப் போடாதீங்க!" என்றாள். சொன்ன பிறகுதான், தண்ணீருக்குள் நிற்கிற பூவைப் பற்றிப் பேசுகிறோம் என்று உறைத்தது.

பொழுது நல்லாக வெளிக்கும் முன்னே பெட்டி நிறையத் தாமரை வந்து இறங்கியது. இளஞ்சிவப்பு, நடுவில் கொஞ்சம் வெள்ளை. மக்டலினின் முற்றத்தில் பாய் விரித்துப் பெண்கள் குந்தினார்கள். மொட்டின் வெளியிதழை ஒவ்வொன்றாக உள்ளே மடித்து வைக்கிற விதத்தைக் கண்ணகை காட்டிக்கொடுத்தாள். அவர்களுடைய அம்மன் கோயிலில் சடங்குக்கு அப்படித்தான் மடிப்பார்களாம். மக்டலின் மடித்த முதல் இதழ் கிழிந்தது. இரண்டாவதும் கிழிந்தது. "விதைக்கிற கைக்கு மடிக்கத் தெரியாதோ?" என்று கண்ணகை சீண்டினாள். மூன்றாவது நின்றது.

"இடம்பெயர்ந்து திரிஞ்ச காலம் முழுக்க நான் ஒரு பூ மடிக்கல்ல," என்றாள் கண்ணகை, கை மடித்துக்கொண்டிருக்க. "விரல் மறந்திருக்கும் எண்டு நினைச்சன்." மக்டலின் இன்னொரு மொட்டை எடுத்து அவள் மடியில் வைத்தாள்.

றெபேக்கா வெள்ளைச் சாறி உடுத்து, தலையில் நெற் முக்காடு போட்டு வெளியே வந்தாள். தாய் கொடுத்த செண்டை வாங்கி, அதற்குள் முகத்தைப் புதைத்தாள். "குளத்து மணம்" என்றாள். அவள் முகம் வெளியே வந்தபோது மூக்கு நுனியில் மஞ்சள் மகரந்தம். அதைத் துடைக்க மக்டலின் கையைக் கொண்டுபோனாள். பிறகு வேண்டாமென்று விட்டுவிட்டாள்.

கோயிலின் பீடத்திலும் யன்னல் தோறும் வாளி வாளியாகத் தாமரை நின்றது. சுண்ணாம்பு மணமும் ஈரத்தாமரை மணமும் கலந்து கிடந்தன. றெபேக்கா நடந்து வர, சுஜீவன் நிலத்தைப் பார்க்கவேயில்லை. முன் வரிசை வாங்கில் யாக்கோப்பு தலை ஈரம் காயாமல் இருந்தான். அவன் பக்கத்தில் நல்லரத்தினம், யாக்கோப்பிடம் இரவல் வாங்கிய சேட்டில், பொத்தான் பூட்ட முடியாமல் வயிற்றைப் பிடித்தபடி இருந்தான். பாட்டுக்காரர்கள் முதல் பாட்டைத் தொடங்கினார்கள். வெளியே கடல் தன்பாட்டில் இரைந்தது. மக்டலின் அன்றைக்கு அதற்குக் காது கொடுக்கவில்லை.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பைலா ஆட்டம் தொடங்கியது. யாக்கோப்பு ஆடினான், நல்லரத்தினமும் அவனுக்குப் பின்னால் இடுப்பை ஆட்டத் தெரியாமல் ஆட்டினான். இரண்டு பெண்களும் பந்தலோரம் பாயில் காலை நீட்டிக் களைத்துப்போய்க் குந்தியிருந்தார்கள்.

"இனி அவர் மருந்தடிக்கிறதெண்டா காத்து எழும்ப முன்னம், விடியத்தான்," என்றாள் கண்ணகை. "அதுவும் உன்னட்டச் சொல்லிப்போட்டுத்தான். உன்ர வேலியோரத் துண்டில மருந்தே வேணாம், நானே இறங்கிக் களை பிடுங்குவன்."

"நானும் வாறன்கா, சேர்ந்து பிடுங்குவம்," என்றாள் மக்டலின்.

"நீ பூக்காரி, நெல்லையும் சேர்த்துப் பிடுங்கிப்போடுவாய்!"

மக்டலின் அவளுடைய தொடையில் ஒரு அடி வைத்தாள். அதற்குள் றெபேக்கா ஓடிவந்து, இரண்டு பேரின் கையையும் ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்து இழுத்தாள். "எழும்புங்க அம்மா! மாமி, நீங்களும்!" கண்ணகை, "எனக்கு ஆடத் தெரியா மகள், விடு விடு" என்று கத்திக்கொண்டே எழும்பினாள்.