கைதட்டுகிறவளின் மகள்

அழ வேண்டிய இடத்தில் அழவும் சிரிக்க வேண்டிய இடத்தில் சிரிக்கவும் ராஸ்னிதிக்குச் சொல்லித்தர இனிமேல்தான் ஒருவர் பிறந்து வர வேண்டும். பதினோரு வருடமாக அவளுக்கு அதுதான் பிழைப்பு. ஜகார்த்தாவில் எந்த டிவி நிகழ்ச்சியிலும் மேடைக்கு எதிரே எழுந்து ஆடுகிற, தட்டுகிற, கண்ணைத் துடைக்கிற கூட்டம் இருக்கிறதே, அது என்ன தானாக வந்த கூட்டமா? கூலிக்கு வந்த கூட்டம். ஊருக்கே தெரியும். எந்தச் சானலும் வாய் திறந்து சொல்லாது, அவ்வளவுதான்.

அவளுடைய மகள் மெலாத்தி இப்போது டிவியில் நடக்கிற டங்டுட் என்கிற ஆட்டப்பாட்டுப் போட்டியில் கடைசி நாலு பேரில் ஒருத்தி. இந்த வாரம் ஒருத்தர் கழிய வேண்டும். ஜனங்கள் போனில் போடுகிற ஓட்டுதான் தீர்ப்பு. ஓட்டு பாட்டுக்கு விழும் என்று நினைக்கிறவன் சுத்த அப்பாவி. கண்ணீருக்குத்தான் விழும்.

அதனால்தான் நேரலைக்கு இரண்டு நாள் முன்பு நிகழ்ச்சிக்காரன் ரோஜாலி, கேமராவோடு பக்கத்து ஊரான பெகாசியில் இருந்த அவள் வீட்டுக்கு வந்தான். மெலாத்தி போட்டியாளர் விடுதியில் இருந்தாள். பச்சைச் சாயம் அடித்த சுவரையும் புது ஃப்ரிட்ஜையும் பார்த்ததும் ரோஜாலியின் முகம் சுண்டிப்போனது.

"என்னக்கா இது, வீடு இவ்ளோ நல்லா இருக்கு?"

"மன்னிச்சுக்கோ தம்பி. நீ வர்றேன்னு தெரிஞ்சிருந்தா கூரையில நாலு ஓட்டை போட்டு வச்சிருப்பேன்."

சிரித்தான், ஆனாலும் விடவில்லை. ஃப்ரிட்ஜ் பின்கட்டுக்குப் போனது. பக்கத்து வீட்டிலிருந்து அழுக்குத் துணியும் தொட்டியும் வந்தன.

"நீங்க கூலிக்குத் துணி துவைக்கிறீங்க. பொண்ணு ஜெயிச்சாத்தான் அடுப்பு எரியும். கூட்டத்துல கைதட்டறவங்கன்னு மட்டும் மூச்சு விட்றாதீங்கக்கா, எங்க மானமே போயிடும்."

மகளுக்காக எதையும் முழுங்கலாம் என்று ராஸ்னிதி அதையும் முழுங்கினாள்.

நேரலை அன்று மெலாத்தி பாடிய பாட்டுக்கு, கைதட்டும் கூட்டத்துக்குப் பின்னால் பெற்றோர் வரிசையில் உட்கார்ந்திருந்த ராஸ்னிதியின் தோள் தன்னால் ஆடியது. பாட்டு முடிந்ததும் விளக்குகள் மங்கின, புல்லாங்குழல் இழுத்தது, திரையில் ராஸ்னிதி துணி துவைக்கிற படம் ஓடியது. ரோஜாலி இரண்டு விரலைத் தூக்கினான். அழு என்று அர்த்தம். கூலிக் கூட்டத்தில் இருந்த அறுபது பேரும் அழுதார்கள். கூட்டத்துக்குத் தலைவியான ஹிந்துன் தேம்பித் தேம்பி அழுதாள். பாவம், அவளுக்கு எல்லா உண்மையும் தெரியும்.

தொகுப்பாளர் கைக்குட்டையோடு வந்து ராஸ்னிதியின் முன்னால் மைக்கை நீட்டினார். "சொல்லுங்கம்மா, உங்க கஷ்டத்தச் சொல்லுங்க."

அழத்தான் வாயைக் கோணினாள். அதற்குள் மகள் கண்ணில் பட்டுவிட்டாள். அந்தப் படத்தை மெலாத்தி இப்போதுதான் பார்க்கிறாள். போன வாரம் நடுப்பாட்டில் சுருதி தப்பியபோதுகூட நிமிர்ந்து நின்ற பெண், இப்போது தலையைத் தொங்கப் போட்டிருந்தாள்.

ராஸ்னிதிக்குச் சுருக்கென்றது.

"கஷ்டம்னு பெருசா ஒண்ணும் இல்லீங்க. நான் துணி துவைக்கப் போறவ இல்ல. சோறு, மீனு, சம்பல் எல்லாம் வேளா வேளைக்கு வீட்ல இருக்கு. எம்பொண்ணு பாட்டு பிடிச்சிருந்தா ஓட்டுப் போடுங்க. பிடிக்கலேன்னா விட்ருங்க. பாவம்னு மட்டும் போட்றாதீங்க."

உடனே விளம்பரம் போட்டார்கள். ரோஜாலி தலையில் அடித்துக்கொண்டு ஓடி வந்தான். "பெத்த பொண்ணு தலையில நீங்களே மண்ண அள்ளிப் போட்டுட்டீங்களேக்கா!"

அவன் சொன்னபடியே ஆயிற்று. முடிவு வந்தபோது மெலாத்திக்குத்தான் கடைசி இடம். ராஸ்னிதி தன்னையே திட்டிக்கொண்டாள். பாவி, வாயை மூடிக்கொண்டு ரெண்டு சொட்டு விட்டிருந்தால் என்ன குறைந்து போயிருக்கும்? யார் யார் பிள்ளைகளுக்கோ வாளி வாளியாக அழுதவளுக்குத் தன் பிள்ளைக்கு அழ வலிக்கிறதா?

தோற்றவர் ஒரு சோகப் பாட்டுப் பாடி, எல்லாரையும் கட்டிப்பிடித்து அழுதுவிட்டுப் போவதுதான் அங்கே வழக்கம். வாத்தியக்காரர்கள் மெதுவாக ஆரம்பித்தார்கள். மெலாத்தி கையைக் காட்டி நிறுத்தினாள்.

"ஒரு நிமிஷம் அண்ணே. படத்துல பாத்தது எங்கம்மாதான். ஆனா அந்தத் தொட்டி எங்களுது இல்ல. அதோ உக்காந்து தட்டறாங்களே, அந்தக் கூட்டத்துலதான் எங்கம்மாவுக்கு வேலை. பாடத் தெரிஞ்சவங்க, தெரியாதவங்க எல்லாருக்கும் பதினோரு வருஷமா தட்டினாங்க. அந்தக் காசுலதான் நான் படிச்சேன், பாட்டு கத்துக்கிட்டேன். இந்தப் பாட்டு அவங்களுக்கு. சோகம் வேணாம்ணே, ஆட்டம் போடற மாதிரி அடிங்க!"

மத்தளக்காரர் ரோஜாலியைப் பார்த்தார், மெலாத்தியைப் பார்த்தார், பிறகு வெளுத்து வாங்கினார். ரோஜாலி இரண்டு விரலைத் தூக்கித் தூக்கி ஆட்டினான். ஒருத்தரும் அவன் பக்கம் திரும்பவில்லை. முதலில் எழுந்தவள் ஹிந்துன்.

"என்னடி பாத்துக்கிட்டு உக்காந்திருக்கீங்க? தட்டுங்கடி!"

அறுபது பேரும் எழுந்தார்கள். மேடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ராஸ்னிதியைப் பார்த்துத் தட்டினார்கள்.

பழக்க தோஷம், அவளும் கையைத் தூக்கினாள்.

"அடியே, உனக்குத்தான்டி தட்டறோம்! நீ சும்மா உக்காரு!" என்று ஹிந்துன் அங்கிருந்தே அதட்டினாள்.

கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் ராஸ்னிதி மடியில் வைத்துக்கொண்டாள். வேலை நேரத்தில் யார் பாட்டைக் கேட்டது, கண் முழுக்க ரோஜாலியின் விரலில் அல்லவா இருக்கும்! பதினோரு வருடத்தில் முதல் தடவையாக அந்த அரங்கத்தில் அவள் ஒரு பாட்டை முழுசாகக் கேட்டாள்.